தண்ணீரிடம் சொன்ன கனவு

போன வாரம் வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து ஒரு படம் பார்த்தார்கள். காணாமல் போன குழந்தையைக் கனவுக்குள் போய்த் தேடுகிற படம். குழந்தையைக் கடைசியாகப் பார்த்தவர்களை ஒரு டாக்டர் கட்டிலில் படுக்கவைத்துத் தூங்கப் பண்ணுகிறார். தலையில் வயர்களை மாட்டி, அவர்கள் காணுகிற கனவைப் பெட்டியில் பார்த்து, ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கிறார். பின்னால் டமார் டமார் என்று சத்தம். பேத்தி தலையணையைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறாள். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. "பாட்டி, இது பயந்துக்கிற படம், சிரிக்கிற படம் இல்லலா" என்றாள். கிழவிக்குக் கதை புரியவில்லை என்று நினைத்துவிட்டாள். எனக்கு நன்றாகவே புரிந்தது. வயரும் பெட்டியும் இல்லாமல், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்துக் குழாயடியில் நாங்கள் இதையேதான் செய்தோம். தேடியது என் பிள்ளையை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் எங்காவது போய்விட்டால் கொஞ்சம் பொறுங்கள், திரும்பி வந்துவிடுவேன்.

ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருடம் முன்பு நடந்தது. நான் காப்பார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸ் வந்தேன். வீட்டுக்காரருக்குத் தண்டவாளம் செப்பனிடுகிற வேலை. லயம் என்றால் வரிசையாகப் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஓர் அறை, எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். அந்தக் குழாய் இரும்பில் சிங்கத் தலை மாதிரி இருக்கும், காதைப் பிடித்துத் திருக வேண்டும். என் மகள் அதைப் பார்த்தாலே அழுவாள். மற்றபடி எதற்கும் பயப்படாத பிள்ளை. நாலு வயது. அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், யாராவது கூட்டமாகப் போனால் பின்னாலேயே போய்விடுவாள். ஆட்டு மந்தை போனாலும் போவாள், சாமி ஊர்வலம் போனாலும் போவாள். ஒரு தடவை சவ ஊர்வலத்தின் பின்னால் பொரியைப் பொறுக்கித் தின்றுகொண்டே பாதி தூரம் போய்விட்டாள்.

மத்தியானத்தில் நான் யாழ்ப்பாணத்து கிளார்க் ஐயா வீட்டுக்குத் துணி துவைக்கப் போவேன். அந்த நேரம் பிள்ளையை அடுத்த வீட்டு அக்காவிடம் விட்டுப் போவேன். அக்கா என்றுதான் கூப்பிடுவேன், சொந்தமில்லை. ஆனால் என் பேறுகாலத்தில் என் தலையை மடியில் தாங்கியவள் அவள். மகள் அவளைப் பெரியம்மா என்பாள்.

அன்றைக்கு நாலு மணிக்குத் திரும்பி வந்தேன். அக்கா வாசலில் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை எங்கே என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து என் பின்னால் பார்த்தாள். "உன்கூட வரலையா? உன்னத் தேடிக்கிட்டு அந்தப் பக்கமா வந்தாளேடி" என்றாள். மத்தியானம் முழுவதும் தான் அங்கேயே உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்ததாகவும், பிள்ளை கிளார்க் வீட்டுப் பக்கம் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னாள். நான் நம்பினேன். நம்பாமல் இருக்க என்ன காரணம்?

இருட்டுவதற்குள் லயத்து ஆண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்போது அந்தப் பக்கம் செங்கல் சூளைகள் இருந்தன. மண் எடுத்த பள்ளங்களில் மழைத் தண்ணீர் பச்சையாக நிற்கும். ஆண்கள் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளமாகக் குத்திப் பார்த்தார்கள். கழி சேற்றில் இறங்கினால் ஒரு சத்தம், எதன் மேலாவது பட்டால் வேறு சத்தம். பட்ட சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒருவர் தண்ணீரில் இறங்குவார். நான் கரையில் நின்று அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை மரக்கட்டை வந்தது, ஒரு தடவை உடைந்த தொட்டில் வந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் கிளார்க் ஐயா போலீசுக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதினார். எழுதுவதற்காக என்னைக் கேள்வி கேட்டார். "பிள்ளை பிறந்த திகதி என்ன?" என்றார். பொங்கலுக்குப் பிறகு, மழை விட்டிருந்த நேரம் என்றேன். "எத்தினை அடி உயரம் இருக்கும்?" என்றார். என் இடுப்பு வரை என்று கையை வைத்துக் காட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ எழுதினார். நல்ல மனுஷன். ஆனால் குழாயடிக் கதை காதில் விழுந்தபோது, "கனவிலே பிள்ளை கிடைக்குமெண்டால் பொலிஸ் எதுக்கு?" என்று சிரித்தார்.

குழாயடிக் கதையை ஆரம்பித்தவள் லயத்து மருத்துவச்சி. பிள்ளைப்பேறு பார்ப்பாள், கனவுக்கும் பலன் சொல்வாள். காணாமல் போன பிள்ளை யார் கனவிலாவது கட்டாயம் வரும், அது சின்ன வாய், ஒரே ஆளிடம் முழுக்கச் சொல்லத் தெரியாது, ஆளுக்குக் கொஞ்சமாகத்தான் சொல்லும் என்றாள். ஆகவே லயத்துப் பெண்கள் எல்லோரும் காலையில் பசியாறும் முன்பு குழாயடிக்கு வந்து அவரவர் கண்ட கனவைச் சொல்ல வேண்டும். விடியற்காலைக் கனவுக்குத்தான் பலன் உண்டு. பகலில் தூங்கிக் கண்டது கணக்கில் வராது. கெட்ட கனவாக இருந்தால் மனுஷர் காதில் போடக் கூடாது, ஓடுகிற தண்ணீரிடம் சொல்லி அனுப்பிவிட வேண்டும். இதெல்லாம் எங்களுக்குப் புதுசில்லை, ஊரிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த வழக்கம்தான். ஒரு பிள்ளையைத் தேடுவதற்கு அதைப் பயன்படுத்தியதுதான் புதுசு.

வந்தார்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒருத்தி ஆலமரத்தடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கக் கண்டாள், ஆண்கள் கோயில் மரத்தடியெல்லாம் போய்ப் பார்த்தார்கள். ஒருத்தி மாட்டின் மேல் கண்டாள், பால்காரர்களின் கொட்டகைகளை எல்லாம் பார்த்தார்கள். கடைசி வீட்டுக்காரி, பிள்ளை கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்றாள். மருத்துவச்சி அவளை ஏற இறங்கப் பார்த்து, "அது புள்ள வந்த கனவில்லடி, உன் வயிறு கண்ட கனவு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தவுடனே, சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். பெற்றவள் கனவில் வராமல் பிள்ளை யார் கனவில் வரும்? தூங்கு, தூங்கு என்றார்கள். எனக்கு எங்கே தூக்கம்? கண்ணை மூடினால் கழி சேற்றில் இறங்குகிற சத்தம் கேட்கும். நாலாம் நாள் காலையில், நான் மட்டும் வெறும் கையோடு வந்து நிற்கிறேனே என்ற வெட்கத்தில் ஒரு கனவை இட்டுக்கட்டிச் சொன்னேன். பங்சார் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே பிள்ளை நிற்கக் கண்டேன் என்றேன். பங்சார் அப்போது தோட்டம், இப்போது மாதிரி கடையும் ஆபீசும் இல்லை. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் அன்று முழுவதும் அந்தக் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார். சாயங்காலம் வந்து வாசலில் உட்கார்ந்து காலிலிருந்து அட்டைகளைப் பிடுங்கிப் போட்டார். "நாளைக்கு அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு, பாத்துடுறேன் புள்ள" என்றார். அது பொய் என்று அவர் சாகிற வரைக்கும் நான் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அக்காவும் தினம் குழாயடிக்கு வருவாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். கேட்டால், கனவே வரவில்லை என்பாள். முகம் கறுத்துப்போய், சாப்பிடாமல், என் வீட்டு வாசலுக்கும் வராமல் இருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் என்ற குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். எனக்கும் அவள் மேல் கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

ஆறாம் நாள் யாரும் வருவதற்கு முன்பே குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். லேசாக வெளிச்சம் வந்திருந்தது. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது, கீழே குடம் இல்லை. அக்கா குனிந்து, சிங்கத்தின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு தண்ணீரிடம் பேசுகிறாள். சத்தத்தில் முழுதாகக் கேட்கவில்லை. "விளக்கு" என்றது கேட்டது. என் மகளை நாங்கள் வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயர் கேட்டது.

நான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "தண்ணிகிட்ட என்னக்கா சொல்ற?"

"ஒண்ணுமில்லடி."

"என் புள்ள பேரு கேட்டுச்சு. எங்கிட்ட சொல்லு."

"சொன்னா பலிச்சிரும்டி" என்று அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அஞ்சு நாளா தண்ணிகிட்டதான் சொல்றேன். போக மாட்டேங்குது."

நான் விடவில்லை. கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள். கல்யாணக் கனவு. சிவப்புப் புடவையில் ஒரு பெண், கூட ஆட்கள், முன்னால் ஒருவன் கையில் எரிகிற விளக்கு, நல்ல பகல் வெயிலில் எரிகிற விளக்கு. எல்லோருக்கும் பின்னால் என் மகள் விரலைச் சூப்பிக்கொண்டு போகிறாள். இது போதாதா? கனவில் கல்யாணம் வந்தால் சாவு என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பகலில் விளக்கு எரிந்தால் அது எங்கே எரிகிற விளக்கு? பிணத்தின் தலைமாட்டில். அவள் எப்படி வாயைத் திறப்பாள்? அவள் சொன்னால் என் பிள்ளையை அவளே கொன்ற மாதிரி ஆகிவிடாதா?

அதற்குள் மருத்துவச்சி வந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எந்த நாள், விடிய எத்தனை நாழிகை இருக்கும்போது கண்டாய் என்று அக்காவைக் கேட்டாள். அக்கா தலை குனிந்தாள். அன்றைக்குத்தான் என்றாள். பிள்ளை காணாமல் போன அதே மத்தியானம். காய்ச்சல் காந்தியதாம், ஆட்டுக்கல் பக்கத்தில் சுவரில் சாய்ந்தாளாம், எப்போது கண் செருகியது என்று தெரியவில்லையாம். மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னதெல்லாம் பொய். கிளார்க் வீட்டுப் பக்கம் பிள்ளை போனதைப் பார்த்ததும் பொய்.

மருத்துவச்சிக்கு முகமே மாறிவிட்டது, சந்தோஷத்தில். "அட போடி. பகல்ல கண்டதுக்குப் பலன் ஏது? அது கனவே இல்ல. எந்திரி, மூஞ்சியக் கழுவு" என்றாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது, கெட்டது விலகிவிட்டது.

எனக்கு மட்டும் அந்த வார்த்தை உள்ளே போய் நின்றுகொண்டது. கனவே இல்லை என்றால், அது என்ன?

அக்கா எதிரில் நானும் ஈரத்தில் உட்கார்ந்தேன். அந்தப் படத்தில் டாக்டர் கேட்பாரே, அதே மாதிரி கேட்டேன். எனக்கு அவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. என்ன விளக்கு அக்கா, குத்துவிளக்கா, அகலா என்றேன். கண்ணை மூடி யோசித்தாள். "கண்ணாடி போட்ட விளக்குடி. அரிக்கேன் விளக்கு" என்றாள். மேளம் அடித்தார்களா என்றேன். இல்லை, கொலுசுச் சத்தந்தான். கோயில் பக்கம் போனார்களா, ஸ்டேஷன் பக்கம் போனார்களா? தண்டவாளத்து ஓரமாகக் குறுக்கு வழியில் ஸ்டேஷன் பக்கம். விளக்கு பிடித்தவன் வேறு என்ன வைத்திருந்தான்? "இன்னொரு கையால விளக்குக்குக் காத்து மறைச்சிக்கிட்டுப் போனான்" என்றாள்.

அப்போது நான் போட்ட சத்தத்தில் லயமே எழுந்து வந்துவிட்டது.

எங்கள் காப்பார் பக்கத்தில் இரண்டு மூன்று தோட்டங்களில் மட்டும் ஒரு பழக்கம். முன்னொரு காலத்தில் பெண்ணை அழைத்துவந்தவர்கள் இருட்டில் வழி தவறி, கடலோரச் சதுப்பில் அகப்பட்டுக்கொண்டார்களாம். அதிலிருந்து, பெண் வீட்டு வாசலில் ஏற்றுகிற அரிக்கேன் விளக்கு மாப்பிள்ளை வீடு போய்ச் சேரும் வரை அணையக் கூடாது. வெயில் மண்டையைப் பிளந்தாலும் எரியும், ரயிலில் ஏறினாலும் எரியும். என் கல்யாணத்தில் எங்கள் ஆட்கள் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். என் மாமனார், நாங்கள் ரயில் ஏறிய கிள்ளான் ஸ்டேஷனிலேயே, ஊர் சிரிக்கும் என்று ஊதி அணைத்துவிட்டார். எனக்கு அன்றைக்கு வந்த அழுகை! அதை விடுங்கள். அதனால்தான் பிரிக்பீல்ட்ஸில் யாருக்கும் அந்தப் பழக்கம் தெரியாது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பரிதாபமாகப் பார்த்தார். என் பொய்க் கனவை நம்பிக் காட்டில் அலைந்த மனுஷன், இந்த நிஜத்தை நம்பவில்லை. தூக்கமில்லாமல் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தார். "கனவு, கனவுன்னு எத்தன நாளைக்குப் புள்ள அலையிறது?" என்றார்.

"அக்கா கனவு காணலீங்க. அரைக்கண்ணால பாத்திருக்கா. வாங்க, ஸ்டேஷன்ல ஒரு வார்த்த கேளுங்க."

கேட்டார். மூட்டை தூக்குகிற ஒருவர் உடனே சொல்லிவிட்டார். பங்சார் தோட்டத்துப் பெண்ணைக் காப்பார் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் அழைத்துப் போனார்கள், எரிகிற விளக்கோடு ரயில் ஏறினார்கள், அதற்கு ஸ்டேஷனில் ஒரு சண்டை கூட நடந்தது. பிள்ளைகள் இருந்தார்களா? ஏழெட்டு இருக்கும், யார் எண்ணினார்கள்? அந்தக் கல்யாணக் கூட்டத்தை வேறு நாலு பேரும் பார்த்திருப்பார்கள். பிள்ளையைத் தேடுகிறவர்கள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, கல்யாணத்தைப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல நினைக்கவில்லை.

அடுத்த ரயிலில் கிள்ளான் போனோம். அங்கிருந்து காப்பாருக்கு பஸ். வழியெல்லாம் எனக்குத் தெரிந்த மரங்கள், தெரிந்த வளைவுகள். ஒன்றையும் பார்க்கவில்லை. கல்யாணம் நடந்த தோட்டத்தைக் கண்டுபிடித்துப் போனபோது மத்தியானம். ஆட்கள் எல்லோரும் வேலைக்காட்டில் இருந்தார்கள். ஆயாக் கொட்டகையில் மட்டும் சத்தம் கேட்டது. தோட்டத்தில் தாய்மார்கள் ரப்பர் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். நானும் அப்படி ஒரு கொட்டகையில் வளர்ந்தவள்தான்.

தகரத் தட்டுகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில், அவள்.

நடந்தது இதுதான். பெண் வீட்டார் அவளை மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளை என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் பிள்ளை என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு பூந்தி கொடுத்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுப் பிள்ளை, கவனிப்பில் குறை வந்துவிடக் கூடாதே! கல்யாணம் முடிந்து எல்லோரும் கலைந்த மறுநாள், மற்றப் பிள்ளைகள் பின்னாலேயே கொட்டகைக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் யாரும் கூப்பிட வரவில்லை என்றபோதுதான் ஆயாவுக்குச் சந்தேகம். வீடு எங்கே என்று கேட்டதற்கு, ரயில் பக்கத்தில் என்றாளாம். தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி கிள்ளான் ஸ்டேஷன் பக்கமெல்லாம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு சின்னப் பிள்ளை கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

நான் ஓடிப்போய்த் தூக்கப் போனேன். ஆயா குறுக்கே கையை நீட்டிவிட்டாள். "இரும்மா. புள்ள சொல்லட்டும்" என்றாள்.

என் மகள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. நான் போட்டுவிட்ட சட்டை இல்லை, யாருடையதோ பெரிய சட்டை. தலையில் வாடிய பூ இருந்தது. ஆறு நாளில் பிள்ளை அம்மாவை மறக்குமா? மறக்காது என்று இப்போது சொல்கிறேன். அந்தக் கொட்டகையில் நின்றபோது எனக்கு அது தெரியவில்லை. இந்தப் பிள்ளை வாய் திறக்காவிட்டால் நான் இவளுக்கு யாருமில்லை என்று நின்றேன்.

தட்டைக் கீழே வைத்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "பெரியம்மா தூங்கிட்டாங்க. நான் எழுப்பல" என்றாள். யாரோ அவள் மேல் பழி சொன்ன மாதிரி. பிறகு, "அம்மா, நான் எழுப்பலம்மா" என்று அழ ஆரம்பித்தாள்.

ஆயா கையை எடுத்தாள்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் அழுதது தனிக் கதை. காய்ச்சல்காரியை எழுப்பக் கூடாது என்று பிள்ளை அடிமேல் அடி வைத்து வெளியே போயிருக்கிறாள். அதன் பிறகு அக்கா பகலில் கண்ணை மூடியதே இல்லை, பல்லெல்லாம் போன கிழவியான பிறகும். என் மகளுக்கோ ஒன்றும் நினைவில்லை. இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பூந்தி மட்டும் நினைவிருக்கிறது என்கிறாள், வெட்கங்கெட்டவள்.

கிள்ளான் ஸ்டேஷனை விட்டுவிட்டேன். அதைச் சொல்ல வேண்டும்.

புறப்படும்போது ஆயா எங்களோடு தோட்டத்து வாசல் வரைக்கும் வந்தாள். ஏன் பிள்ளையைச் சொல்லச் சொன்னேன் தெரியுமா என்று கேட்டாள். இரண்டு நாள் முன்னால் கிள்ளானிலிருந்து ஒரு பெண் வந்தாளாம். ஏதோ ஒரு பிள்ளை கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். அவளுடைய பிள்ளையும் காணவில்லை. வரும்போதே ஓடி வந்தாளாம், நான் ஓடியது போல. கிட்டத்தில் வந்து பார்த்தாளாம். "இது இல்லன்னு சொன்னா. சொல்லிட்டு, அரை நாள் இங்கதான் உக்காந்திருந்தா. உம் புள்ளைக்கு அவதான் கஞ்சி ஊட்டுனா. பூவும் அவ வச்சதுதான்" என்றாள் ஆயா.

ரயிலுக்கு நேரமிருந்தது. கிள்ளான் ஸ்டேஷனில் பலகையில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை என் மடியில், வீட்டுக்காரர் பக்கத்தில். அந்த மனுஷர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பாசார் சந்தையிலிருந்து பெண்கள் கூடையோடு வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று பார்த்தேன். அவளைக் கண்டால் காலில் விழவேண்டும் என்று நினைத்தேன். உன் பிள்ளை என்ன நிறம், எவ்வளவு உயரம் என்று கேட்டுக்கொண்டு போய், எங்கள் லயத்தில் எல்லோரையும் தேடச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மெலிந்த ஒரு பெண் எங்கள் பலகையைப் பார்த்து நடந்துவந்தபோது, என் கை தானாக முந்தானையை இழுத்து என் பிள்ளையின் முகத்தை மூடிவிட்டது. அவள் எங்களைத் தாண்டிப் போகிற வரைக்கும் நான் அதை எடுக்கவில்லை.